நாற்றும் நிலமும்: நிருவாக அறிவின் பெயர்ச்சி பற்றிய ஓர் ஆய்வுரை

ஒரு நாட்டில், ஒரு சமூகத்தில், ஒரு நிறுவனத்தில் விளைந்த நிருவாக அறிவை வேறொரு பண்பாட்டிற் பிறந்த நிறுவனத்திற்குக் கொண்டு செல்லுதல் இயலுமா? இயலுமாயின் அதன் எப்பகுதி செல்லும், எப்பகுதி பின்தங்கும்? இவ்வினா முகாமையியல் கற்போர்க்கு மாத்திரம் உரியது எனக் கருதுதல் தவறாகும். யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் இவ்வினாவுக்குக் கிடைத்த விடையாகவே நிற்கின்றது. மணியடித்துத் தொடங்குதல், வயதும் தரமும் நோக்கி வகுப்புப் பிரித்தல், நேரசூசி, வரவு இடாப்பு, சம்பவத் திரட்டு, விடுதி ஒழுங்கு, ஆண்டறிக்கை என்பன இம்மண்ணில் முளைத்தவை அல்ல. கடல் கடந்து வந்து, சில இடங்களில் வேரூன்றி, சில இடங்களில் வாடி, சில இடங்களில் வடிவம் திரிந்து நிற்பவை அவை.

இவ்வாறான வரவு கல்வித்துறையோடு தொடங்கியதுமன்று. நிலங்களின் உரிமையையும் வரியையும் பதியும் தோம்பு போர்த்துக்கேயரோடு வந்தது. ஒல்லாந்தர் அதனை விரித்தனர். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் நாட்டு வழக்கங்களைத் தொகுத்தபோது, பன்னிரு முதலிமார் அதனைப் பார்வையிட்டு இசைவு கூறிய பின்னரே அது தேசவழமை என நிலைபெற்றது. பதிவு முறை ஐரோப்பியருடையது; பதியப்பட்ட பொருள் யாழ்ப்பாணத்தாருடையது; அது சரியென்று உரைக்கும் அதிகாரமும் ஓரளவு யாழ்ப்பாணத்தாரிடமே இருந்தது. மூன்றாவதாகக் கூறிய இதுவே பின்வரும் ஆராய்ச்சிக்குத் திறவுகோலாவது.

கொள்கைகளும் அவற்றின் குறைகளும்

நிருவாக அறிவின் பெயர்ச்சி பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுந்த கொள்கைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, நல்ல முறை எங்கும் நல்ல முறையே என்பது. அமெரிக்கரான பிரடெரிக் ரெயிலர் 1911 இல் வெளியிட்ட நூலில், எத்தொழிலையும் கூர்ந்து நோக்கிக் காலம் அளந்து பகுத்தால் அதனைச் செய்தற்குரிய மிகச் சிறந்த வழி புலப்படும் என நிறுவ முயன்றார். பிரான்சியரான ஹென்றி பயோல் 1916 இல் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஏவுதல், இணைத்தல், கட்டுப்படுத்தல் என நிருவாகத்தின் தொழில்களை ஐந்தாக வகுத்தார். இவ்விருவர் கருத்துப்படி முறையே முதன்மையானது. அதனைக் கைக்கொள்ளும் மக்கள் யாவர் என்பது பெரிதன்று.

இரண்டாவது கொள்கை இதனை மறுப்பது. ஒல்லாந்து நாட்டு அறிஞர் ஹொவ்ஸ்ரீட், ஐ.பி.எம். என்னும் ஒரே நிறுவனத்தின் ஊழியரிடையே பல நாடுகளிற் பெற்ற விடைகளைக் கொண்டு 1980 இல் ஒரு நூல் எழுதினார். அதிகாரம் உடையோர்க்கும் அற்றோர்க்கும் இடையே மக்கள் ஏற்றுக்கொள்ளும் இடைவெளி, தனிமனித நாட்டம், நிச்சயமின்மைக்கு அஞ்சுதல் முதலியவற்றால் நாடுகள் வேறுபடுகின்றன என்பதும், ஆதலின் ஒரு நாட்டு முகாமை மற்றொரு நாட்டிற் பொருந்தும் எனக் கொள்ளுதல் ஆகாது என்பதும் அவர் துணிபு.

மூன்றாவது, யப்பானிய அறிஞரான நொனாக்கா, தக்கேயுச்சி இருவரும் 1995 இல் விளக்கியது. ஏட்டில் எழுதவல்ல அறிவு ஒன்று, கையிலும் கண்ணிலும் பழக்கத்திலும் உறையும் அறிவு ஒன்று என அவர் பிரிப்பர். வீட்டிற் பாண் செய்யும் பொறியொன்றை அமைக்க முயன்ற மற்சுசித்தா நிறுவனத்தார், மா பிசையும் பக்குவம் கணக்கிற் பிடிபடாமை கண்டு, ஒசாகா நகரின் விடுதியொன்றிற் புகழ்பெற்ற வெதுப்பாளரிடம் தம் ஊழியரை அனுப்பிப் பழகுவித்த செய்தியை அவர்கள் சான்றாகக் காட்டுவர். உறையும் அறிவு ஆளோடு ஆள் பழகுவதாலேயே பெயரும் என்பது அதன் கருத்து.

இம்மூன்றும் பயனுடையனவே. எனினும் மூன்றிலும் பொதுவாய் அமைந்த குறை ஒன்று உண்டு. கொடுப்போனும் கொள்வோனும் ஒரே நோக்கம் உடையவர், அல்லது குறைந்தபட்சம் நட்புடையவர் என இவை முற்கோளாகக் கொள்கின்றன. ஐ.பி.எம். நிறுவனத்தின் கிளைகள் யாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே. பாண் செய்யும் பொறியாளருக்கும் வெதுப்பாளருக்கும் பகை இல்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் முறையைக் கற்றவன் அந்நிறுவனத்தின் நோக்கத்தை எதிர்ப்பதற்கே அம்முறையைக் கைக்கொண்டால் நிகழ்வது யாது? இவ்வினாவை அவை எழுப்புவதில்லை. யாழ்ப்பாணத்து வரலாறு அதனை எழுப்புகின்றது.

திண்ணையிலிருந்து சென்றது

மேலைத்தேயத்திலிருந்து கீழைத்தேயத்திற்கே நிருவாக அறிவு வரும் என்னும் எண்ணத்தை முதலிற் களைதல் வேண்டும். சென்னையில் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த ஆதரவில்லத்தின் பொறுப்பை 1789 இல் ஏற்றவர் ஸ்கொத்லாந்துக் குருவானவர் அண்ட்ரூ பெல். நாட்டுப் பள்ளிக்கூடமொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் நடத்த ஆசிரியர் இணங்காமையால் மாணாக்கன் ஒருவனையே இளையோர்க்குக் கற்பிக்க வைத்தார். மூத்த மாணாக்கன் இளைய மாணாக்கரைப் பயிற்றும் சட்டாம்பிள்ளை வழக்கம் திண்ணைப் பள்ளிகளில் நெடுநாள் நிலவியதே. பெல் 1797 இல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட, அது சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவியது. யோசேப் லங்காஸ்ரர் என்பாரும் அதனையொத்த முறையொன்றை வகுத்தார். பின்னர் அதுவே ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்குப் புதிய கல்வி முறை எனத் திரும்பியது.

போகும்போதும் மீளும்போதும் அம்முறை மாறிய வகை நோக்கற்பாலது. திண்ணையில் சட்டாம்பிள்ளை இருபது முப்பது பிள்ளைகளுள் ஒருவன். அவர்தம் தாய் தந்தையரை அறிந்தவன். அவன் பிழை செய்தால் ஆசிரியர் கண்முன்னே திருத்தப்படும். இலண்டனிலோ ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப்பிள்ளைகளைக் குறைந்த செலவில் அடக்கி நடத்தும் உபாயமாக அது ஆயிற்று. வடிவம் ஒன்றே, நோக்கமும் அளவும் வேறு. ஆகவே வடிவத்தின் ஒற்றுமை கண்டு அறிவு பெயர்ந்தது என முடிபு கொள்ளுதல் அவசரமாகும்.

வட்டுக்கோட்டையும் பொஸ்ரனும்

1816 இல் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்ட அமெரிக்க மிஷனார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் அங்கே கற்பிக்கப்பட்டன. முப்பது ஆண்டுகளுள் அது ஈழத்திலும் தமிழகத்திலும் பெயர் பெற்ற உயர்கல்விக் கூடமாயிற்று. ஆயினும் அதனை நடத்தும் தலைமைச் சங்கம் பொஸ்ரன் நகரில் இருந்தது. அச்சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன், ஒவ்வொரு நாட்டுத் திருச்சபையும் தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தன்னைத் தானே பரப்புதல் வேண்டும் என்னும் கோட்பாட்டினர். அந்நோக்கத்திற்கு ஆங்கிலக் கல்வி தடையெனக் கருதினர். அவர் தூதுக்குழுவோடு வந்து பார்வையிட்டதன் பயனாக 1855 இல் செமினரி மூடப்பட்டது.

தன்னாட்சியைப் போதிக்கும் கொள்கை பிறர் ஆணையால் நடைமுறைக்கு வந்தது என்பதே இதன் முரண். அக்கொள்கை அண்டர்சனுக்குப் பல நாட்டு அனுபவத்தின் சாரமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தவர் கல்வியில் எதனை நாடினர் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. 1872 இல், இவ்வூர்க் கிறித்தவரின் முயற்சியினாலும் வேண்டுகோளினாலும் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தமை, மூடப்பட்டதன் தேவை மூடப்படவில்லை என்பதைக் காட்டியது. உண்மையான தன்னாட்சி அவ்விரண்டாம் செயலிலேயே வெளிப்பட்டது எனலாம்.

இதற்கு மாறான முன்மாதிரி ஒன்றையும் அதே மிஷன் தந்தது. 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொற்களை மாணாக்கரோடு தேடினார். கொள்வோரின் மொழியிற் புகாத அறிவு கொள்வோருடையதாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

வண்ணார்பண்ணை: எதிர்நின்று கொண்டது

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த நிருவாக அறிவுப் பெயர்ச்சியுள் தலையாயது ஆறுமுக நாவலருடையது. 1822 இல் நல்லூரிற் பிறந்த அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைபுரிந்தார். மிஷனின் உள்ளியக்கத்தை ஏட்டிற் படித்தறியாது, அதனுள் வாழ்ந்து அறிந்தவர் அவர். பாடசாலை எவ்வாறு ஒழுங்குறுகின்றது, துண்டுப் பிரசுரம் எவ்வாறு எழுதி அச்சிட்டுப் பரப்பப்படுகின்றது, கிழமைதோறும் ஒரே வேளையில் நிகழும் பிரசங்கம் எவ்வாறு மக்களைப் பிணிக்கின்றது என்பன யாவும் அவர் கண்டவை.

1847 ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் மிஷன் தொழிலை விட்டுச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் தமிழகம் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்ததும் அப்பயணத்திலேயே. படிப்படியாக உயரும் பாலபாடங்களும் சைவ வினாவிடையும் தொடர்ந்து வெளிவந்தன.

இவற்றைக் கண்டோர் சிலர், நாவலர் பாதிரிமாரைப் பின்பற்றினார் என்று கூறி அமைவர். வேறு சிலர், பிரசங்கமும் வினாவிடையும் நம் மரபில் முன்னரே உள்ளன, ஆதலின் அவர் எவரையும் பின்பற்றவில்லை என்பர். இரு கூற்றும் பாதி உண்மையே. புராண படனம் கோயில்களில் வழங்கியது. வினாவிடையாற் பொருள் விளக்கும் முறை தமிழ் இலக்கண உரைகளிலும் உண்டு. ஆயினும் குறித்த நாளில், குறித்த இடத்தில், ஒரு பொருள் பற்றித் தொடராக உரைத்தல், வகுப்புக்கேற்ற பாடநூலைத் தானே எழுதித் தானே அச்சிட்டுத் தன் பாடசாலையிலே வழங்குதல், ஆசிரியர், அச்சகம், மேடை மூன்றையும் ஒரு நோக்கத்தின் கீழ் இணைத்தல் என்பன மிஷன் தந்த அறிவு. தனித்தனி உறுப்புக்கள் பழையனவாயினும் அவற்றைப் பொருத்திய முறை புதிது.

அது வேரூன்றியமைக்குக் காரணம் யாது? கொண்டவர் தமக்கென ஒரு நோக்கம் உடையவராயிருந்தமையே. மிஷன் முறையுள் எது தம் நோக்கத்திற்கு உதவும், எது உதவாது எனத் தெரியும் அளவுகோல் அவர் கையில் இருந்தது. முகாமையியல் நூல்கள் கொடுப்போனின் திறமையையும் கொள்வோனின் இணக்கத்தையும் பேசும். நாவலரிடம் இணக்கம் இல்லை; எதிர்ப்பே இருந்தது. எதிர்ப்பவன் கூர்ந்து நோக்குவான். எதனைக் கொள்கின்றான் என்பதை அறிந்தே கொள்வான்.

ஆனால் அவர் முயற்சியின் எல்லையையும் மறைத்தல் ஆகாது. 1872 இல் அவர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருள் முட்டினாற் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. மிஷன் பாடசாலையின் பின்னே கடல்கடந்த நாட்டுத் திருச்சபையாரின் ஒழுங்கான சந்தா இருந்தது. சைவப் பாடசாலையின் பின்னே வணிகர் கொடையும் அன்பர் மனமும் இருந்தன. நேரசூசியையும் பாடநூலையும் கொண்டுவரலாம். அவற்றைத் தாங்கும் பணவரவு முறையை அவ்வாறு கொண்டுவர இயலாது, உள்ளூரிலேயே அமைத்தல் வேண்டும். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 1888 இல், சைவ பரிபாலன சபை தோன்றியது. 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் எழுந்தது. இந்து போட் இராசரத்தினம் என மக்கள் வழங்கிய சு. இராசரத்தினத்தின் உழைப்பால் அச்சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. தனிமனிதனின் தவத்தில் நின்ற முறை சங்கத்தின் விதியில் நிற்கத் தொடங்கியது அப்போதுதான். எழுபத்தைந்து ஆண்டு இடைவெளி அதற்கு வேண்டியிருந்தது.

மருதனார்மடம்: நட்பினாற் கொண்டது

இனி மருதனார்மடத்தை நோக்குக. ஊரின் பெயரே ஒரு மடத்தை நினைவூட்டுவது. மடமும் கோயிலும் தருமமும் நம்மவர் பழைய நிறுவனங்கள். அயலே உடுவிலில் அமெரிக்க மிஷனார் 1824 இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாய்ச் சிறந்து விளங்கியபோது, சேர். பொன். இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்திற் சைவப் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். அதன் முதற் பெண் அதிபராக அவர் அழைத்தவர் இங்கிலாந்துப் பெண்மணியான புளோரன்ஸ் பார் எமரி.

இவ்வம்மையார் இலண்டன் நாடக மேடையிற் புகழ் பெற்றவர். கவிஞர் யேற்சுக்கும் நாடகாசிரியர் ஷோவுக்கும் நண்பர். இராமநாதனின் சமய விரிவுரைகளால் ஈர்க்கப்பெற்று 1912 இல் இலங்கைக்கு வந்தார். இளமையில் அவர் கற்றது செல்ட்டனம் மகளிர் கல்லூரியில். ஆங்கில நாட்டுப் பெண்கல்வியில் முன்னணியில் நின்ற கல்லூரி அது. விடுதி வாழ்வின் ஒழுங்கையும் பெண்பிள்ளைகளுக்கு உயர்ந்த பாடத்திட்டம் ஆகும் என்னும் துணிவையும் மாணவியாகவே அறிந்தவர் அவர். சைவ வேதாந்த நூல்களில் நாட்டமும் உடையவர். எனவே இருவேறு உலகங்களையும் ஓரளவு தம்முள் தாங்கிய ஒருவர் மூலமாக அம்முறை மருதனார்மடத்திற்கு வந்தது. நோயுற்ற அவர் 1917 இற் கொழும்பிற் காலமானார். அவுஸ்திரேலியாவிற் பிறந்து இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் பின்னர்க் கல்லூரியின் பெருந்தூணாய் நின்றார். 1930 இல் நிறுவுநர் மறைந்த பின்னரும் நெடுங்காலம் அதனைக் கட்டிக்காத்தார்.

உறையும் அறிவு ஆளோடு ஆள் பழகுவதாற் பெயரும் என்னும் கொள்கைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சைவ ஆசாரத்தோடு கூடிய உணவும் வழிபாடும், ஆங்கில விடுதிப் பள்ளியின் காலவொழுங்கும், தமிழும் இசையும் ஒருங்கே அமைந்த கல்லூரி வாழ்வு எந்த நூலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டையும் அறிந்தோர் நாள்தோறும் எடுத்த சிறுசிறு முடிபுகளால் அது உருவாயிற்று. பெண்பிள்ளையை வெளியூர் விடுதியில் விடத் தயங்கிய சைவப் பெற்றோர்க்கு, சமயத்தையும் வழக்கத்தையும் இழவாமலே உயர்கல்வி பெறலாம் என்னும் நம்பிக்கையை அது அளித்தது. இங்கும் கொள்வோரின் நோக்கமே முறையை ஆண்டது.

எனினும் விமரிசகன் இங்கேயும் ஒரு குறையைச் சுட்டுதல் கடன். நாவலர் பாடசாலையைப் போலவே இதுவும் ஒரு பெருமகனின் பொருளையும் அவர் குடும்பத்தின் ஆளுமையையும் சார்ந்து நின்றது. அன்பினால் வந்த அறிவு அன்பர் உள்ளவரை வாழும். அதனை அடுத்த தலைமுறையின் ஆசிரியர் கையிற் சேர்க்கும் வாயில் வேறாக அமைதல் வேண்டும். அதிபர் எவ்வாறு தீர்ப்புச் செய்கின்றார் என்பதை உடனிருந்து காணும் இளைய ஆசிரியர் எத்துணைப் பேர் என்பதே ஒரு கல்லூரியின் ஆயுளை அளக்கும் கோல். 1960 இல் அவ்வளாகத்திற் சு. நடேசபிள்ளை அவர்களின் முயற்சியால் இசைக் கல்லூரி எழுந்ததும், பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நுண்கலைத் துறையாய் வளர்ந்ததும், அவ்வாயில் முற்றாக அடைபடவில்லை என்பதற்குச் சான்றாகும். குருவின் அருகிருந்து கற்கும் இசைமரபு பாடத்திட்டத்தினுள்ளும் பரீட்சையினுள்ளும் புகுந்த கதை தனித்து ஆராயத்தக்கது.

பண்பாடு என்னும் சாட்டு

பண்பாட்டுக்கேற்ப முறையை மாற்றிக்கொள்ளுதல் அறிவுடைமை என இதுகாறும் கூறப்பட்டது. ஆனால் பண்பாடு என்னும் பெயரால் எதனையும் விலக்கலாமா? ஹொவ்ஸ்ரீட் முதலியோரின் ஆராய்ச்சியில் உள்ள பெருங்குறை ஈண்டே புலனாகும். ஒரு நாட்டினர் அதிகார இடைவெளியை ஏற்கின்றனர் என அளந்து கூறும்போது, அவ்விடைவெளியின் மேற்புறத்தில் இருப்போனும் கீழ்ப்புறத்தில் இருப்போனும் ஒரே விடை கூறினரா என்பது மறைந்துவிடுகின்றது.

மிஷன் பாடசாலை யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுவந்த பொருள்களுள் வாங்கும் ஒன்று. எல்லாப் பிள்ளைகளும் ஒரே உயரத்தில் அமர்ந்து கற்றல் அதன் உட்கருத்து. மிஷன் பாடசாலைகளிலும் அது எளிதில் நடைபெறவில்லை. சைவப் பாடசாலைகளில் அதனினும் அரிதாயிருந்தது. தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளின் கதவு திறக்கப்படவில்லை; திறந்த இடங்களிலும் அவர்கள் நிலத்தில் இருத்தப்பட்டனர். 1929, 1930 அளவில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்குமாறு கல்விப் பகுதி பணித்தபோது எதிர்ப்பு மனுக்கள் எழுந்தன. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. வாங்கு வந்தது, வாங்கில் யாவரும் ஒப்ப அமர்தல் வரவில்லை.

நாவலரும் சாதியாசாரத்தைப் பேணியவரே. அவரது தெரிவுத் திறனைப் புகழும் அதே வாயால், அத்தெரிவில் விலக்கப்பட்டது எது என்பதையும் கூறுதலே நேர்மை. கொள்வோன் தன் நோக்கத்தால் தெரிந்தெடுக்கின்றான் என்பது உண்மையாயின், அந்நோக்கத்தின் குறையும் முறையினுள் புகும் என்பதும் உண்மையே. நிலத்தின் இயல்பறிந்து நாற்றை நடுதல் வேண்டும். ஆனால் நிலத்தில் உவர் இருப்பின் உவரும் எங்கள் மண்ணின் இயல்பே என்று பெருமை பேசுதல் உழவன் செயலாகாது.

சுற்றுநிருபத்தால் வருவது

1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. உடுவில் மகளிர் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் போன்ற சிலவே வெளியே நின்றன. இலவசக் கல்வியும் சம வாய்ப்பும் பரவுதற்கு அம்மாற்றம் உதவியது. முன்னர்க் கூறிய கதவுகள் பல அதனால் அகலத் திறந்தன. அதே வேளை, பாடசாலையின் நோக்கத்தை அருகிருந்து காத்த உள்ளூர்ச் சங்கங்கள் அப்பொறுப்பை இழந்தன. அதன்பின் நிருவாக அறிவு மூன்றாவதொரு வழியால் வரத் தொடங்கியது. அவ்வழி சுற்றுநிருபம்.

யப்பானியத் தொழிற்சாலையில் விளைந்த ஐந்து எஸ் முறையை இதற்கு எடுத்துக்காட்டலாம். வேண்டாதன கழித்தல், ஒழுங்குபட வைத்தல், துப்புரவு செய்தல், நியமமாக்கல், பழக்கமாக்கல் என்பன அதன் ஐந்து படிகள். கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனை 2000 ஆம் ஆண்டு தொடங்கி இதனைக் கைக்கொண்டு பெரும் பயன் கண்டது. அதன் அனுபவத்தை யப்பானிய உதவி நிறுவனத்தார் 2007 முதல் ஆபிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் கொண்டுசென்றனர். யப்பானியத் தொழிற்சாலைக்கும் இலங்கை மகப்பேற்று மருத்துவமனைக்கும் பண்பாட்டு ஒற்றுமை சிறிதே. அங்கே அது பலித்தமைக்குக் காரணம், தலைமை நெடுங்காலம் உடனிருந்ததும், விடுதிதோறும் தாதியரும் ஊழியரும் சிறு குழுக்களாய்க் கூடித் தம் குறையைத் தாமே கண்டு திருத்தியதுமாகும். நோயாளர் உயிரைக் காத்தல் என்னும் நோக்கம் முன்னரே அவர்களுடையது. முறை அதற்குக் கருவியாயிற்று.

அதே முறை ஆணையாக இறங்கும் இடங்களில் நிகழ்வது வேறு. அலுமாரிகளிற் பெயர்ச்சீட்டு ஒட்டப்படுகின்றது. மதிப்பீட்டுக் குழு வரும் நாளிற் கோப்புக்கள் நிறம்நிறமாய் அடுக்கப்படுகின்றன. குழு சென்ற மறுநாள் யாவும் பழைய நிலையை அடைகின்றன. ஐந்தாம் படியாகிய பழக்கம் ஆணைக்கு அடங்குவதன்று. 2009 இற் போர் ஓய்ந்த பின் வடபுலத்திற்கு வந்த உதவி நிறுவனங்களின் திட்டப் படிவங்களும் இத்தகையனவே. இலக்கு, வெளியீடு, குறிகாட்டி எனக் கட்டம் கட்டமாய் நிரப்பப்படும் அப்படிவத்தில், இவ்வூர் மக்கள் எதனைப் பெரிதென மதிக்கின்றனர் என்று எழுதுதற்கு உரிய கட்டம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இவற்றால் நேரும் பெருநட்டம் நேரமோ தாளோ அன்று. ஆசிரியன் தன் அறிவைத் தானே நம்பாது போதலே அது. கடைவாங்கில் இருக்கும் பிள்ளை ஏன் மூன்று நாளாய் வரவில்லை என்பதை இடாப்பு கூறாது. அப்பிள்ளையின் வீட்டை அறிந்த ஆசிரியன் கூறுவான். இடாப்பு அவ்வறிவைத் தூண்டுதற்கென ஏற்பட்டது. இடாப்பைச் சரியாய் வைத்தலே கடமையின் முடிவு என்றாகும் இடத்தில், அதனை முதலிற் கொண்டுவந்தோரின் அறிவும் இழக்கப்பட்டது. கொண்டோரின் அறிவும் இழக்கப்பட்டது.

முடிபு

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. வடிவம் எளிதிற் பெயரும். அது வந்தமை கண்டு அறிவு வந்தது எனக் கொள்ளலாகாது. வடிவத்தை வேண்டியபடி வளைக்கும் தீர்ப்புத் திறன் இருவுலகையும் அறிந்த ஆட்களின் வழியே பெயரும். அவர்க்குப்பின் அது தங்குதற்குச் சங்கமும் பயிற்சியும் வேண்டும். நோக்கமோ பெயர்வதே இல்லை; அது கொள்வோரிடத்து முன்னரே இருத்தல் வேண்டும்; அந்நோக்கமும் நீதியின் உரைகல்லில் உரைக்கப்படுதல் வேண்டும்.

ஆகவே புதிய முறை ஒன்று பாடசாலையின் வாயிலுக்கு வரும்போது, அது யப்பானிலிருந்து வந்ததா, அமெரிக்காவிலிருந்து வந்ததா என்று வினவுதலாற் பயன் சிறிது. இது எங்கள் மொழியில் விளக்கப்படுமா? இதனைத் திருத்தும் உரிமை இதனைச் செய்வோர்க்கு உண்டா? இதனால் வாங்கின் கடைசியில் இருக்கும் பிள்ளைக்கு விளையும் நன்மை யாது? பன்னிரு முதலிமார் தேசவழமையைப் பார்வையிட்டு இசைவு கூறிய நாளிலும், நாவலர் மிஷன் வாயிலைக் கடந்து வெளியேறிய நாளிலும், மருதனார்மடத்தில் முதல் மாணவியர் விடுதியிற் காலடி வைத்த நாளிலும் இவ்வினாக்களுக்கு ஏதோ ஓரளவில் இடமிருந்தது. அவ்விடம் அடைபடாமற் காத்தல் இன்றைய ஆசிரியரின் பொறுப்பு. நாற்றைத் தருவோர் எங்கும் உளர். நிலத்தை அறிந்தோர் இங்கேயே உளராதல் வேண்டும்.